ஆபீசுக்கு ஆபீஸ் செத்த தாத்தா

பழுதான லிஃப்ட் என்றால் மெக்கானிக் லிஃப்ட்டக்கா மேலே ஏறி, கேபிளைப் பார்த்து, மோட்டாரில் காதை வைத்துக் கேட்டு, சாயங்காலத்துக்குள் கோளாறைப் பிடித்துவிடுவாள். சொந்தத் தாத்தாவைத்தான் பிடிக்க முடியவில்லை. மனுஷன் ஆபீசுக்கு ஆபீஸ் வேறு வேறு விதமாகச் செத்திருந்தார். பெரியம்மாவின் கல்யாணப் பதிவில் காய்ச்சல். வீட்டுப் பத்திரத்தில் லாரி மோதல். பெரியம்மா வேலைக்குப் போட்ட மனுவில் படகு கவிழ்ந்திருந்தது.

"பெரியம்மா, ஒரு ஆளு எத்தனை தடவைதான் சாவாரு?"

"பாட்டிக்கு எழுதத் தெரியாது. எல்லாத்தையும் நான்தான் எழுதினேன். ஓடிப்போயிட்டாருன்னு எழுத முடியுமா? வாய்க்கு வந்ததை எழுதினேன். இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

கிளறச் சொன்னது அம்மா. தாத்தா பாட்டியோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனபோது அம்மா கைக்குழந்தை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: போனவர் என்னை ஒரு தடவையாவது நினைத்தாரா? இனி அவர் உயிரோடு இருக்க வயசில்லை; எங்கே செத்தார் என்று தெரிந்தால் கூட இருந்தவர்களைக் கேட்கலாம் என்று லீவு நாளெல்லாம் லிஃப்ட்டக்கா அலைந்தாள். இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல் என்றார்கள்; அந்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம். ஒரு புண்ணியவான், முதலில் இறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னான். அதைத் தேடித்தானே ஐயா வந்திருக்கிறேன் என்று கத்தினாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அம்மா படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கேயும் சேர்க்கைப் படிவத்தில் பெரியம்மாவின் முத்து முத்தான கையெழுத்து: 'தகப்பனார் காலமானார்.' நாசமாய்ப் போச்சு என்று மூடப்போனவள், பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் மூன்று தாள்களைப் பார்த்தாள். வெவ்வேறு வருஷங்களில், ஒரே ஆள் கொடுத்த மனுக்கள்.

'என் இளைய மகள் இங்கே படிக்கிறாள். அவளுக்கு என்னைத் தெரியாது. தூரத்தில் நின்று பார்த்தால் போதும்.'

மூன்றின் கீழும் சிவப்பு மை: 'பதிவின்படி தகப்பனார் உயிருடன் இல்லை. அனுமதி மறுக்கப்படுகிறது.'

இப்படியும் ஒரு அநியாயம் உண்டா? மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு, பெரியம்மாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அக்கா, அவர் வந்தாராம்."



"தெரியும்டி. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கல்யாணப் பதிவிலயும் செத்துட்டாருன்னு எழுதிட்டேனே, இனிமே உயிரோட இருக்கார்னு எப்படிச் சொல்றது? யாரோ ஏமாத்துறான்னு சொல்லிட்டேன்."

அம்மா போனை அணைத்தாள். மூன்று தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். லிஃப்ட்டக்கா தன் நாலு கேள்வியையும் விட்டுவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு மறுபடியும் போ."

"எங்கேம்மா? எல்லா ஆபீசும் பாத்தாச்சு. என் செருப்பே தேஞ்சுபோச்சு!"

"நாம எழுதின சாவெல்லாம் போதும். அவர் நெஜமா செத்த இடத்தைக் கண்டுபிடி. இந்தத் தடவை நான் போய்ப் பாக்கணும்."