கஞ்சி போட்ட அம்பு

நடந்தவை, வரிசைப்படி:

1. எங்கள் ஊர் அம்மன் கோயில் கூத்தில் வில் வளைக்கும் வேஷம் மாமாவிடமிருந்து அண்ணனுக்கு வந்தது.
2. கம்பத்து உச்சியில் கட்டும் மர மீனை அடிக்க அம்பு வேண்டும். பழைய அம்புகளைக் கரையான் தின்றிருந்தது.
3. அண்ணனும் நானும் ஏரிக்கரை நாணலில் மூன்று அம்புகள் செய்தோம்.
4. பூசாரி அவற்றை அம்மன் காலடியில் வைத்து மஞ்சள் நீர் தெளித்தார்.
5. இறகுகள் கழன்றன.

மூன்று அம்பும் தவறினால் வேஷம் கைமாறும். சென்ற ஆண்டு மாமாவுக்குத் தவறியதால்தான் அண்ணனுக்கு வந்தது. சிறு வயதிலிருந்து அவன் ஆசைப்பட்ட வேஷம் அது.

கோயில் வழக்கப்படி அம்பில் ஆணியோ கம்பியோ கடைப் பசையோ சேரக் கூடாது. நாணலை நிழலில் உலர்த்தி, வளைந்த இடத்தைத் தணலில் காட்டி, சூடு ஆறுவதற்குள் முழங்காலில் வைத்து நிமிர்த்தினேன். பாலிடெக்னிக் பட்டறையில் இரும்புக் கம்பியை நிமிர்த்திப் பழகியிருந்தேன். கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். முனைக்கு வேல மரத்தைச் சீவித் தணலில் கருக்கினோம். பின்பக்கத்துக்குச் சேவல் இறகு.

கட்டும் வேலை அண்ணனுடையது. அவன் தறி நெய்கிறவன். மிஞ்சிய பட்டு நூலால் இறகுகளைச் சுற்றிக் கட்டி, மேலே அரிசிக் கஞ்சியைத் தடவினான். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை. காய்ந்ததும் கட்டு விறைத்து நின்றது. நானும் நகத்தால் தட்டிப் பார்த்துச் சரி என்றேன். நனைந்தால் கஞ்சி இளகிவிடும்; மஞ்சள் நீர் இருவர் நினைப்பிலும் இல்லை.

முதல் அம்பு பாதி வழியில் இறகு கழன்று குட்டிக்கரணம் போட்டு மேளக்காரர் மடியில் விழுந்தது.

“இன்னா மருமவனே, மீனு மோளத்துலயா கீது?” என்றார் மாமா. கூட்டம் சிரித்தது.

“சும்மா இரு மாமா. அம்பு நனைஞ்சிக்கினு கீது,” என்றான் அண்ணன்.

“ஏன், தலைக்குக் குளிப்பாட்டிக் கூட்டியாந்தியா?”

அண்ணன் என்னிடம் வந்தான். முகத்துச் சாயம் வியர்வையில் வழிந்தது. வேறு அம்பு கட்ட வழியில்லை. அம்மன் காலடியில் வைத்த அம்பைத்தான் எய்யலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

“இறகைப் பூரா பிச்சிடுண்ணா,” என்றேன்.

“பிச்சிட்டா எப்டிடி பறக்கும்?”

“முனைய கனமாக்கினா நேராப் போவும். கிட்டத்துலதானே கீது மீனு.”

திருவிழாவின் கடைசி நாள் செய்யும் பெரிய மண் உருவத்துக்காகக் களிமண் கொட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பிடி எடுத்து, அம்பு முனைக்குப் பின்னால் அப்பி, கழன்ற பட்டு நூலையே மேலே சுற்றினேன். அம்பை விரல்மேல் வைத்து, முன்பக்கம் சாய்கிறதா என்று பார்த்தேன்.

இரண்டாவது அம்பு புரளாமல் நேராகப் போனது. ஆனால் கனம் அதிகம். மீனுக்குக் கீழே கம்பத்தில் மோதி விழுந்தது. மூன்றாவதில் மண்ணைப் பாதியாகக் குறைத்தேன்.

அது மீனின் வாலில் குத்தி நின்றது.

“வால்லதானே பட்டுது! கண்ணுல படணும்,” என்றார் மாமா.

“போன வருசம் நீ அடிச்சது கம்பத்த,” என்றார் பூசாரி. “வாலும் மீனுதான்யா. மோளத்த அடி!”

அடுத்த ஆண்டுக்கும் வேஷம் அண்ணனுக்குத்தான். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார், ஆனால் வால் பேச்சை விடவில்லை. புது அம்புகளின் கட்டுக்குக் குங்கிலியமும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கித் தடவியிருக்கிறேன். அவற்றில் ஒன்று தண்ணீர்த் தவலைக்குள் கிடக்கிறது. இறகு இதுவரை கழலவில்லை.