பூஜையில் வைத்த ஊதாப் பேனா

தேவயானியின் கடையில் இருபது வருஷமாக நான் சிகரெட் வாங்குகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் பேசப்போகும் நியாயத்தைக் கேட்டு யாராவது என்னை யோக்கியன் என்று நினைத்துவிடுவார்கள். பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது டிரிப்புக்கு ஒன்று. ஓய்வு பெற்றபின் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பாக்கெட்டாக வாங்கியதே இல்லை. பாக்கெட்டின் மேல் அழுகிப்போன வாயைப் படம் போட்டிருப்பார்கள். ஒற்றையாக வாங்கினால் அந்தப் படம் கடைக்காரியிடமே தங்கிவிடும்.

திருத்தணியில் மலைக்குப் படியேறப் போகிற தெருவில், பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அவள் கடை. முன்னால் தேங்காய், கற்பூரம், வாழைப்பழம், பிஸ்கட் ஜாடிகள். கைக்கு எட்டும் இடத்தில் சிகரெட் தட்டு. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று லைட்டரைச் சிவப்புச் சாமிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். கடைக்குப் பின்னாலேயே வீடு, ஒரே அறை.

கடையை ஆரம்பித்தவன் அவள் புருஷன் வேடியப்பன். சொந்தக் கடைப் பீடியைச் சொந்தமாகவே ஊதித் தள்ளினான். நாற்பத்து நாலு வயதில் நுரையீரல் போய்ச் செத்தான். அப்போது மகள் மோனிஷாவுக்குப் பதினொன்று. காரியம் முடிந்த மறுநாள் தேவயானி கடையைத் திறந்தாள். பீடிக்கட்டும் சிகரெட் தட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இத்த விட்டுடலாமில்ல?" என்று வாய் இருக்கமாட்டாமல் நான்தான் கேட்டேன்.

"தேங்கா எப்பனா வாங்கறாங்க, கண்டக்டர் அண்ணே. இது தினம் வாங்கறாங்க. நீங்களே வர்றீங்களே" என்றாள். நான் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த வியாபாரத்தில்தான் மோனிஷா படித்தாள். விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னையில் காலேஜ், ராத்திரி வீடு. தேவயானி ஐந்தாவதோடு நின்றவள். மகளின் புத்தகங்களைக் கால் பட்டுவிடாமல் எடுத்து அலமாரியில் அடுக்குவாள். இந்தப் பெண் ஒரு ஆபீசில் உட்கார்ந்துவிட்டால் கடையை இழுத்து மூடிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

போன வருஷம் சரஸ்வதி பூஜையன்று மோனிஷா தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில் தேவயானி அவள் பையிலிருந்த புத்தகங்களையும் பேனாக்களையும் எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தாள். தராசு, பிஸ்கட் ஜாடி, சிகரெட் தட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அப்படித்தான் வருஷா வருஷம் செய்வாள். தொழில் சாமான் அல்லவா. பேனாக்களில் ஒன்று ஊதா நிறத்தில் தடியாக, அழகாக இருந்தது. மாம்பழ வாசனை வேறு. மெட்ராஸ் பேனா என்று அதற்கு மட்டும் பெரிய பொட்டாக வைத்தாள்.

மோனிஷா குளித்துவிட்டு வந்து பார்த்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அன்று முழுக்க அந்தப் பெண் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நகத்தைக் கடித்தாள், எழுந்து நடந்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். சுண்டல் கொடுத்தபோது தேவயானி என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "காலைல இருந்து சரஸ்வதி எதிர்லயே உக்காந்துகினு கீது அண்ணே. இன்னா பக்தி பாருங்க." நானும் ஆமாம் என்று சுண்டலை வாயில் போட்டுக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் மகள் விழிப்பதற்கு முன்னால் தேவயானி குளித்து, மகளின் புது நோட்டில் பிள்ளையார் சுழி போட உட்கார்ந்தாள். இருப்பதில் நல்ல பேனாவைத்தானே எடுப்பாள்? எழுதவில்லை. உதறினாள், தேய்த்தாள், எழுதவில்லை. பக்கத்துக் கடை மெக்கானிக் கரீமுல்லாவிடம் கொண்டுவந்தாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"பாய், இந்தப் பேனா எழுத மாட்டேங்குது. இன்னான்னு பாருங்க."

கரீமுல்லா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். குங்குமத்தைப் பார்த்தார், நுனியைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"இது பேனா இல்லம்மா" என்றார் மெதுவாக. "மிசின் சிகரெட்டு. உள்ள தண்ணி மாதிரி மருந்து இருக்கும், இழுத்தா புகை வரும். கவர்மென்ட்டு எப்பவோ தடை பண்ணிட்டாங்க. எங்கேந்து வந்துச்சு?"

தேவயானி அதைப் பிடுங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். அடி விழுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. நானும் கரீமுல்லாவும் ஓடினோம். மோனிஷா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தடை பண்ண சாமானத் தொடுவியாடி? யாருடி குடுத்தது?"

"பஸ் ஸ்டாண்ட் அசோக்குமார் கடையில வாங்கினேன். டிரெயின்ல வர்ற பாதிப் பேரு வெச்சிருக்காங்க" என்றாள் மோனிஷா. "ஏம்மா, நீ விக்கலாம், நான் குடிக்கக் கூடாதா? நைனா குடிச்சது யாரு கடை பீடி?"

தேவயானியின் கை அப்படியே கீழே இறங்கியது. பிறகு அவள் அந்த ஊதாச் சனியனைத் தேங்காய் உடைக்கிற கல்லில் வைத்து அடித்து நொறுக்கினாள். கடையெல்லாம் மாம்பழ வாசனை.

அன்று சாயங்காலம் அவள் போலீசில் புகார் கொடுக்கப் புறப்பட்டாள். துணைக்கு நான். அசோக்குமார் போன் கவர் விற்கிறவன். விற்கக்கூடாததைப் பிள்ளைகளிடம் விற்கிறான் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழில், கோபமாக எழுதினேன். எழுதிவிட்டு வெளியே வந்து என் சாயங்காலத்து சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். அசோக்குமார் கடையில் ஒன்றும் அகப்படவில்லை. அவன் சரக்கைக் கடையில் வைக்கிறவன் இல்லை. போனில் சொன்னால் ஆந்திரா பக்கமிருந்து பஸ் பார்சலில் வரும். வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல், புகார் கொடுத்தவளின் தெருவுக்கு வந்தார்கள். தெருவைப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்து மதிலைப் பார்த்தார்கள், தேவயானியின் சிகரெட் தட்டைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் வந்து இருபத்திரண்டு வருஷத்தில் இங்கே யாரும் அளந்து பார்த்ததில்லை.

"பெரியவரே, இத்தக் கொஞ்சம் புடிங்க" என்று ஒருவர் டேப்பின் முனையை என்னிடம் நீட்டினார். என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி மதிலோடு சேர்த்துப் பிடித்தேன். நான் பிடித்த டேப்பு தேவயானி கடை வாசலில் போய் நின்றது. நூறு கஜத்துக்கு இருபது அடி குறைந்தது. தட்டோடு அள்ளிக்கொண்டு அபராதச் சீட்டையும் கிழித்துக் கொடுத்தார்கள்.

"நான் புகார் குடுத்தது அவன் மேலங்க!"

"தடை தடைன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க" என்றார் அந்த அதிகாரி. இருபது அடி தள்ளி இருந்த டீக்கடையில் அதே சிகரெட் தட்டு ஆடாமல் அசையாமல் இருந்தது. அது சட்டப்படி விற்கிற இடம்.

அந்த ஊதாப் பேனாவைத் தடை செய்தது தப்பென்று சொல்லவரவில்லை. எல்லா ஊரிலும் தடை செய்யட்டும், நாளைக்கே பிடித்து உள்ளே போடட்டும். ஆனால் புதிதாக வந்த விஷத்துக்குத் தடை, வேடியப்பனைக் கொன்ற பழைய விஷத்துக்கு டேப்பு. அழுகின வாய்ப் படத்தை ஒட்டிவிட்டால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடுமா? கேட்கிற நான் யார் என்றும் தெரியும்.

ஊர் வேறு விதமாகப் பேசியது. "பொம்பளப் புள்ள புகை புடிக்குதாமே" என்று ஒரு கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டே சொன்ன ஆண்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நல்லதென்று ஒன்று நடந்தது: அசோக்குமார் பயந்துபோய் உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டான். மோனிஷாவின் பையில் பிறகு ஊதாவும் இல்லை, மாம்பழமும் இல்லை. கொஞ்ச நாள் தினமும் பையைக் கொட்டிப் பார்த்த தேவயானி, முருகன் காப்பாற்றிவிட்டான் என்று மலையேறி மொட்டை போட்டுக்கொண்டாள்.

ஆனால் சிகரெட் இல்லாத கடைக்கு ஆள் வரவில்லை. சிகரெட்டுக்கு வந்தவன்தான் பிஸ்கட்டும் பழமும் வாங்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி. ஒரு மாதத்தில் மறுபடி வாங்கி வைத்தாள். இந்த முறை கடையில் இல்லை. வீட்டுக்குள், எந்த அதிகாரியும் கை வைக்காத இடத்தில், மகளின் புத்தக அலமாரியில், புத்தகங்களுக்குப் பின்னால். தெரிந்தவர்கள் கேட்டால் உள்ளே போய் ஒன்றிரண்டு எடுத்து வந்து கொடுப்பாள். நான் தெரிந்தவன்.

நடுவில் ஒருநாள் கயிற்றோடு லைட்டர் காணாமல் போனது. எவனோ கழட்டிக்கொண்டு போய்விட்டான் என்று திட்டிவிட்டு வேறு கட்டினாள்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று காலையில் நான் போனபோது படத்துக்கு முன்னால் தராசும் ஜாடியும் மட்டும் இருந்தன. புத்தகமில்லை, பேனாவுமில்லை. தேவயானி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மோனிஷாவின் பேனாப் பை. உள்ளங்கையில் அந்தப் பழைய லைட்டர், சிவப்புக் கயிற்றோடு. பக்கத்தில் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்ட பாக்கெட்டுகளில், அவள் பிரிக்காத ஒன்று பாதி காலி.

"பேனா எல்லாம் எழுதுதான்னு பாத்துட்டு வெக்கலாம்னு தொறந்தேன் அண்ணே" என்றாள். "நல்லா எழுதுது. கூட இது இருந்துச்சு."

"பொண்ணக் கேட்டியாம்மா?"

"எந்த மூஞ்ச வெச்சுகினு கேக்கறது? போன வருசம் அடிச்சேன். அது தடை பண்ண சாமான், எவனோ வித்தது." லைட்டரையும் பாக்கெட்டையும் பார்த்தாள். "இது என் சாமான். நானே புள்ள கைக்கு எட்டுற எடத்துல கொண்டாந்து வெச்சேன்."

உள்ளே மோனிஷா தலைக்குக் குளிக்கிற சத்தம் கேட்டது. தேவயானி அழவில்லை, எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். கால் நகரவில்லை, காலையில் இன்னும் ஒன்றும் பிடித்திருக்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாதிப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.