ஏகாம்பரம் விதைக்காமல் விட்ட கொல்லை

மாசி மாதத்தில் ஒரு நாள், காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு கைபேசி ஒலித்தது. ஏகாம்பரத்தின் எண். எடுத்தால் அவர் மகள் செல்வி. "அப்பா போயிட்டாருங்க சார். விடியறதுக்குள்ள போயிட்டாரு" என்றாள். காதில் சரியாக விழுந்ததா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அந்தப் பெண்ணை அதை இரண்டு முறை சொல்ல வைத்தது இன்றும் உறுத்துகிறது.

வேங்கிக்கால் அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் இருந்த உங்கள் எல்லோருக்கும் ஜீப் டிரைவர் ஏகாம்பரத்தைத் தெரியும். நான் அங்கே வரைவாளனாக இருந்தவன். அவர் ஓட்டிய ஜீப்பில் பல வருடங்கள் வரைபடச் சுருள்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களில் இருக்கிறார்கள். கடைசி ஒரு வருடத்தை அருகில் இருந்து பார்த்தவன் நான் என்பதால் மட்டும் எழுதுகிறேன்.

செங்கம் சாலையில் என் வீட்டு மாடியறைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் வந்து தங்கிய வெளிநாட்டு முதியவர் ஒருவர், இனிமேல் வர உடம்பில் தெம்பில்லை என்று சொல்லி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கழற்றிய இறக்கைகளோடு ஒரு மாதிரி விமானம், உள்ளங்கையில் அடங்கும் பழைய ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின், பழுப்பேறிய கையேடு. கையேட்டை இரண்டு முறை படித்து, செய்ய வேண்டியதைப் பதினான்கு வரிகளில் எழுதிக்கொண்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். என்ஜினின் தண்டு அசையவே இல்லை. அலுவலகத்தில் எது நின்றாலும் செய்ததையே செய்தேன். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். என்ஜினை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார். "வெளக்கெண்ண சார். உள்ள காஞ்சி கோந்தாட்டம் புடிச்சிக்கிச்சி." இந்த என்ஜினுக்கான எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள் என்று கையேட்டிலும் இருந்தது. என் கையில் இருந்த ஸ்பேனரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். "பலத்தக் காட்டாதீங்க. நம்ம ஊரு வெயிலு எதுக்கு இருக்குது? மாடில வையுங்க, தானா வுடும்." சித்திரை வெயில். மொட்டை மாடியில் இரும்புத் தகட்டின் மேல் என்ஜினை வைத்து, அவ்வப்போது நாலு சொட்டு தின்னர் விட்டோம். மூன்றாம் நாள் இரண்டு விரல்களால் பிடித்துத் திருப்பினார், சுற்றியது. என்னிடம் நீட்டினார். நானும் திருப்பிப் பார்த்தேன்.

அதற்கடுத்த தவறு முழுக்க என்னுடையது. வால்வுகள் சரியாக மூட, அவற்றைத் தள்ளும் டேப்பட்டில் முடியளவு இடைவெளி விட வேண்டும். இந்த வேலையையாவது தனியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒரு பிற்பகல் முழுதும் உட்கார்ந்து அளவு வைத்தேன். மறுநாள் காலை ஏகாம்பரம் வந்து என்ஜின் முனையில் மாட்டிய காத்தாடியைச் சுற்றினார். உள்ளே காற்று அழுந்தும் தடையே இல்லாமல் அது சுழன்றது.

"மூச்சே இல்லியே சார். எப்ப வெச்சீங்க அளவு?"

மூன்று மணிக்கு என்றேன். எங்கே என்றார். மாடியில், அந்த இரும்புத் தகட்டின் மேல் வைத்தே என்றேன். நெருப்பாகக் கொதித்த என்ஜினில், சூட்டில் விரிந்திருந்த இடைவெளியை நான் அவ்வளவு கவனமாக அளந்திருக்கிறேன். ராத்திரி ஆறியதும் அது இறுகி, வால்வு மூட முடியாமல் நின்றுவிட்டது. ஆறின என்ஜினில்தான் அளக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. நான் அதற்குக் கீழே கோடு கூடப் போட்டிருந்தேன். ஏகாம்பரம் வெகுநேரம் சிரித்தார். "அளந்ததுல ஒரு கொறையும் இல்ல சார். அளந்த நேரம்தான் தப்பு" என்றார்.

முதல் முறை அதை ஓட்டிய காலையை என்னால் மறக்க முடியாது. கொல்லைப்புறத்தில் பழைய மேசையில் என்ஜினைத் திருகி இறுக்கினோம். எரிபொருள் சென்னையிலிருந்து கூரியரில் வந்திருந்தது. காத்தாடி எதிர்ப்பக்கம் உதறினால் விரல் போய்விடும் என்று கையேடு எச்சரித்திருந்ததால் நான் கிட்டே போகவில்லை. அவர் ஒரு கட்டைக்கு ரப்பர் குழாய் மாட்டி, அதைக் கொண்டு தட்டினார். என்னைப் பின்னால் வரச் சொன்னார். காத்தாடிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாதாம். ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு பிடித்தது. வெள்ளைப் புகை வேலியைத் தாண்டிப் போனது. "கேளுங்க சார், கொசு மாதிரி கத்தல. புல்லட்டாட்டம் பேசுது" என்றார். நான் எரிபொருளைக் குறைக்கக் கை நீட்டியபோது தடுத்தார். "ஜாஸ்தியே போவட்டும். ரொம்ப நாளு தூங்கி எழுந்தது. இப்பவே கம்மி பண்ணா சூடேறி இறுக்கிக்கும்."

அதை வானத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாழ்நாள் முழுக்க என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், ஒரே ஒரு முறை அது தலைக்கு மேல் போகும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். ஆரணியில் ரிமோட்டில் மாதிரி விமானம் ஓட்டிப் பழகிய ஒருவர், எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருவதாகச் சொன்னார். ஆடியில் மல்லாட்டைக் கடலை போடும்போது ஏகாம்பரம் தன் மானாவாரிக் கொல்லையில் நீளமாக ஒரு பட்டையை விதைக்காமல் விட்டு, சமன் செய்து, கல் பொறுக்கி வைத்தார். "ரோடு போட்டுட்டேன் சார். வண்டி எப்ப வருது?" என்று போனில் கேட்டார்.

நான் தள்ளிப்போட்டேன். ஆடிக்காற்று என்றேன். பிறகு மழை என்றேன். கார்த்திகை தீபக் கூட்டத்தில் சாலையெல்லாம் திருப்பிவிடுவார்கள் என்றேன். மார்கழிப் பனி, பொங்கல், டேப்பட்டை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றேன். விழுந்து உடைந்துவிடுமோ என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. தைக் கடைசியில் வந்தவர் சொன்னார்: "என்ஜின் மேல உங்களுக்குச் சந்தேகம் இல்ல சார். உங்க மேலதான்." கோபமாகச் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். வயதுதானே என்று நினைத்தேன், எனக்கும் வாங்குகிறது.

துக்கத்துக்குப் போனபோது செல்வி என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். புரட்டாசியிலேயே அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்றும், ஆபரேஷன் தாங்காது என்றும், நாள் அதிகமில்லை என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். "சாருகிட்ட சொல்லிடுப்பா, சீக்கிரம் ப்ளேன வுட்டுடுவாருன்னு நான் எவ்ளோ சொன்னேங்க. கேக்கல. சொன்னா சாரு பதறிடுவாரு, பதட்டத்துல அவருக்கு வேல ஓடாது, அவர் மெதுவாவே பண்ணட்டும்னுட்டாரு."



பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆரணிக்காரரை வரச் சொல்லி, விமானத்தைக் கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துப் போனேன். பக்கத்தில் எல்லாம் அறுவடை முடிந்திருந்தது. அந்தப் பட்டையில் ஒரு புல்கூட இல்லை. அவர் கடைசிவரை செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். காத்தாடியை நானே தட்டினேன். பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு பிடித்தது. விமானம் ஓடி, எழும்பி, செல்விக்கும் எனக்கும் மேலே மூன்று சுற்று வந்தது. அந்தச் சத்தத்தை நான் சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் அங்கே இல்லை என்பதே காதை அடைத்தது. இறங்கும்போது சாய்ந்து வரப்பில் மோதியது.

நான் பயந்தது நடந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இறக்கை நுனியில் ஒரு சாண் முறிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பசை தடவி ஒட்ட அரை மணி நேரம் ஆனது.

அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் எட்டு மாதங்கள் தள்ளிப்போட்டேன். அவருக்கு எண்ணிக் கொடுக்கப்பட்ட நாள்களில் பெரும்பகுதியை நான் என் பயத்துக்குச் செலவழித்தேன். நாள் குறைவு என்று தெரிந்தும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. ஏகாம்பரத்திடம் நான் வாங்கித் திருப்பாமல் வைத்திருப்பது அந்த மாதங்கள்தான். அவை அவருடையவை. திருப்பிக் கொடுக்க இப்போது அவர் இல்லை.