காரமில்லாத பருப்புப் பொடி

போனில் பேசியது என் அம்மா இல்லை. அன்று கலாமணி அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை அக்கா இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

சேலம் பக்கம் மல்லசமுத்திரத்தில் இருந்தவர். பயணிகளை வீட்டில் தங்கவைக்கும் ஒரு ஆப்பில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தார். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். மகளுக்குப் பெங்களூரில் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் நான் போய் இறங்கியபோது கையில் லாட்ஜுக்குப் பணம் இல்லை. லாட்ஜில் தனியாகத் தங்கும் துணிச்சலும் இல்லை.

அக்கா என் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தார். அது போதவில்லை.

“உங்கம்மாவுக்குப் போன் போட்டுக் குடு சாமி.”

“எதுக்குக்கா?”

“பெத்தவளுக்குத் தெரியாம ஒரு புள்ளைய ஊட்டுல வெச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது. அவங்க சரின்னா தங்கு. இல்லீன்னா நானே பஸ் ஏத்தி உடறேன்.”

என் அம்மாவைப் பொறுத்தவரை நான் அப்போது கோவையில் ஆபீஸ் ட்ரெயினிங்கில் இருந்தேன். தனியாக ஊர் சுற்றுவது தெரிந்தால்... அதோடு எல்லாம் நின்றிருக்கும்.

ரூம்மேட் திவ்யாவுக்குப் போட்டேன். எங்கே தங்கினாலும் லொகேஷனும் வீட்டுக்காரர் நம்பரும் அவளுக்குத்தான் அனுப்புவேன். “அம்மா, அக்கா உங்ககிட்ட பேசணுமாம்” என்றதுமே புரிந்துகொண்டாள்.

குரலை இறக்கிக்கொண்டு நன்றாகத்தான் பேசினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவளுக்குக் காரம் ஆகாதுங்க” என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்துவிட்டாள்.

நான் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிடுகிறவள். மூன்று நாளும் எனக்கென்று தனிச் சட்டியில் மிளகாய் போடாத குழம்பு.

“ஏஞ்சாமி, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா? காரமே இல்லீல்ல?”

“இல்லவே இல்லக்கா.”

படுக்கப் போகும்போது அறை வாசலில் நின்று சொல்வார். “உள்ளார தாப்பா போட்டுக்க. ஆரு கூப்புட்டாலும் தொறக்காத. நானே கூப்புட்டாலும் கொரலக் கேட்டுட்டுத் தொற.”

தெரியாதவர்கள் வீடு எத்தனையோ பார்த்துவிட்டேன். பையைத் தலைக்கு வைத்துக்கொள்ளாமல் தூங்கியது அங்கே மட்டும்தான்.

திவ்யாவின் நம்பரைச் ‘சென்னை பாப்பா அம்மா’ என்று பதிந்து வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு வாழ்த்து வரும். சென்னையில் மழை என்று டிவியில் சொன்னால், “பாப்பா ஊடு வந்துருச்சுங்களா?”

எல்லாவற்றுக்கும் திவ்யா பதில் போட்டாள். “இன்னும் எத்தனை வருஷம்டி நான் உன்னைப் பெத்தவளா இருக்கணும்?” என்று என்னைத் திட்டிக்கொண்டே.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். போனில் வேண்டாம், அடுத்த முறை நேரில்... அடுத்த முறை போகவே இல்லை. வேலை, அலுப்பு, வேறென்ன.

வியாழக்கிழமை அவர் கணவர் கூப்பிட்டது எனக்கு அல்ல, அந்த நம்பருக்கு. “பாப்பாவோட அம்மாவுங்களா?” என்று கேட்டிருக்கிறார். திவ்யா ஆமாம் என்றிருக்கிறாள். வேறு என்ன சொல்வாள்.

நேற்று இருவரும் போனோம்.

“அம்மா வரலீங்களா சாமி? அவங்கள ஒருக்கா பாக்கோணும்னு கலா சொல்லிட்டே இருந்தா” என்றார் அக்காவின் கணவர்.

திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உடம்பு சரியில்லைங்க” என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தார். மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் என் பெயர்.

“உனக்குன்னு அரைச்சு வெச்சிருந்தா. பருப்புப் பொடி... காரமில்லாதது.”

வாங்கிக்கொண்டேன்.

தூங்குங்கள் அக்கா.

சேலம் வரை பஸ்ஸில் திவ்யா அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள்.