வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

போன மாதம் எங்கள் கணக்கு சாரை அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கக் குருவானவர் இறந்தால் கோயிலில் சவப்பெட்டியை வைக்கிற விதமே வேறு. மற்றவர்களுக்குக் கால் பீடத்தின் பக்கம் இருக்கும்; குருவானவருக்குத் தலை பீடத்தின் பக்கம். உயிரோடு இருந்தபோது சனங்களைப் பார்த்து நின்று பூசை வைத்தவர் கடைசியிலும் அப்படியே இருக்கட்டும் என்று வைத்த முறை. எனக்கென்னவோ அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று எங்களைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. கோயில் முழுக்க “ஃபாதர், ஃபாதர்” என்று அழுதது. முப்பது வயதைத் தாண்டிய நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் ஒரு தூணோரம் நின்று “சார்” என்று அழுதோம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடம் இரும்புலியூரில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. சாருக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். தினமும் சைக்கிளில் வருவார். காம்பஸ் இல்லாமல் வெறும் கையால் போர்டில் வட்டம் போடுவார். சாக்பீஸ் கிளம்பிய இடத்திலேயே போய்ச் சேரும், மயிரிழை விலகாது. ஒருநாள் சார் இல்லாத நேரத்தில் நாங்கள் சணலைக் கட்டி அளந்து பார்த்தோம். அளந்த சணலில்தான் கோளாறு என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அவர்மேல் எங்களுக்கு அப்படி ஒரு பக்தி. விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் இரைச்சலோடு போகும்போது, பேசிக்கொண்டிருந்த வார்த்தையை அப்படியே நிறுத்தி, சாக்பீஸைத் தூக்கிப் பிடித்து நிற்பார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். அடித்ததே இல்லை. அடிக்காத ஒரு மனிதருக்கு நாற்பது பிள்ளைகள் எப்படி அடங்கினோம் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடாத கணக்கு.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாள் வருகிற பிள்ளை சாக்லேட் கொடுத்தால் சார் எடுத்துக்கொள்வார். பதிலுக்கு அந்தப் பிள்ளை அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சார் பொய் சொல்ல மாட்டார். பத்தாம் வகுப்பில் கணக்கில் எத்தனை மார்க் வாங்கினார் என்று ஒருவன் கேட்டான். அறுபத்தொன்று என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பேய்க்குப் பயப்படுவாரா என்று ஒருத்தி கேட்டாள். பயம்தான் என்றார். பெரியவர் ஒருவர் தன்னைப் பற்றி உண்மை சொல்வதை நான் முதல்முதலாகக் கேட்டது அந்த வகுப்பில்தான்.

அந்த சாருக்கும் என் சித்திக்கும் கல்யாணம் என்று நிச்சயமானது. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்து வரும் துணிகளைச் சரிபார்க்கும் வேலை. எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். இருபத்தெட்டு வயது, இரண்டு சம்பந்தம் கைக்கு எட்டி நழுவிப் போயிருந்தது. இந்தச் சம்பந்தம் அமைந்ததும், என் கணக்குப் படிப்பில் எனக்கே இல்லாத அக்கறை சித்திக்கு வந்துவிட்டது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கையோடு, “இன்னிக்கு சார் என்ன நடத்தினாரு?” என்று கேட்பாள். பின்னத்தைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பின்னத்தில் மலர்வதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், இது முதல் ஓலை, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மைக்கில் சொல்வார்கள். அந்தக் கடைசி வரியை யாரும் காதில் வாங்குவதில்லை. பின்வரிசையில் செருப்பைத் தேட ஆரம்பிக்கிற நேரம் அது. ஓலை வாசிக்கிற பூசைக்கு மணப்பெண் போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்ததால், சித்தி விடியற்காலைப் பூசைக்கே போய்வந்துவிடுவாள். முதல் ஓலை வாசித்த ஞாயிறு, நான் ஏதோ எனக்கே கல்யாணம் என்பது போலக் கோயில் வாசலில் நிமிர்ந்து நின்றேன். பூக்கூடை ஏந்தி மணப்பெண்ணுக்கு முன்னால் நடக்கப்போவது நான்தான். அதற்கென்று ரோஸ் நிறத்தில் ஜரிகைப் பாவாடை தைத்தாகிவிட்டது.

இரண்டாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். சாக்லேட் கொடுத்தேன். கேள்வியை ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன்.

“சார், நீங்க டீச்சர் ஆகலன்னா என்ன ஆகியிருப்பீங்க?”

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் போனது. சார் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தார். விமானம் போய், சத்தமும் ஓய்ந்தது. கை இறங்கவில்லை. நாற்பது பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஃபாதர் ஆகியிருப்பேன்மா” என்றார்.

வகுப்பு சிரித்தது. அடுத்த மாதம் மாப்பிள்ளையாகப் போகிறவர் இப்படிச் சொன்னால் சிரிக்கத்தானே செய்யும். நான் சிரிப்போடு சிரிப்பாக, “இப்பவும் அந்த ஆசை இருக்கா சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒரு பிறந்தநாளுக்கு ஒரு கேள்விதான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, டஸ்டரை எடுத்துப் போர்டை அழித்தார். மேலிருந்து கீழ்வரை, மூலைகூட விடாமல். போர்டில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் டெய்லரிடமிருந்து கல்யாண ரவிக்கை வந்திருந்தது. சித்தி அதை உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேள்வியையும் பதிலையும், வெறும் போர்டை அவர் அழித்ததையும் நடித்தே காட்டினேன். சித்தி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சித்தி, தையல் சரியில்லையா?”

“சரியாத்தான் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குக் கிளம்பும்போது தலை வாரிவிட்டபடியே, ஓலை வாசித்து முடிக்கும்போது கடைசியாக என்ன சொல்கிறார்கள் என்று கவனித்து வந்து தன்னிடம் சொல்லச் சொன்னாள். கவனித்து வந்து, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன்.

“கடமைன்னா என்ன?” என்றாள்.

மறைக்கல்வி வகுப்பில் படித்ததைச் சொன்னேன். “செய்யலன்னா பாவம்.”

“ம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாவம் என்றால் உண்மையிலேயே நடுங்குகிற வயது. சாருக்கு ஃபாதர் ஆக ஆசை. ஃபாதர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை. ஆகவே இது தடை. அது எனக்குத் தெரியும். ஆகவே நான் கடமைப்பட்டிருக்கிறேன். கணக்கு சார் சொல்லிக்கொடுத்த முறைப்படியே படிப்படியாகப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. ஜரிகைப் பாவாடை மட்டும்தான் இடையில் வந்து வந்து மறித்தது.

புதன்கிழமை பள்ளிவிட்டதும் பங்குத்தந்தையின் பங்களாவுக்குப் போனேன். வாசலில் காவல்காரர், “இன்னா பாப்பா, ஃபாதர் டீ குடிச்சிகினு கீறாரு. பூசைக்குப் பேரு எதுனா எழுதணுமா?” என்றார். ஓலை விஷயம் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

பங்குத்தந்தை வயதானவர், கண்டிப்பானவர். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். யாருமில்லை, நீங்கள்தான் ஓலையில் சொன்னீர்கள் என்றேன். அப்போது அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. நான் போர்டைப் பற்றிச் சொன்னதும் அது போய்விட்டது.

“எழுதியிருந்ததைத்தானே அழிச்சாரு?”

“இல்ல ஃபாதர். ஒண்ணுமே எழுதல. சும்மாவே அழிச்சாரு.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். என் நெற்றியில் சிலுவை போட்டு, இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மற்ற அறிவிப்புகளை வாசித்துவிட்டு, எழுந்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா எழுந்து நிற்க மறந்து உட்கார்ந்தே இருந்தார். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரம்வரை வாங்கியாகிவிட்ட கல்யாணம். அன்று மத்தியானமே சார் எங்கள் வீட்டுக்கு வந்தார், அவருடைய அம்மாவையும் அழைத்துக்கொண்டு. அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை; கணவர் இல்லை. பிள்ளை ஃபாதர் ஆகக் குருமடத்துக்குப் போகிறேன் என்றபோதெல்லாம் அழுது அழுது தடுத்து, கல்யாணம் செய்துகொள்வதாக வாக்கும் வாங்கியிருந்தார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பங்குத்தந்தை கூப்பிட்டுக் கேட்டதும் சாரால் மறைக்க முடியவில்லையாம். பொய் சொல்லத் தெரியாதவரை நேராகக் கேட்டால் வேறு என்ன நடக்கும்? என் அம்மா அழுதாள். அப்பா கத்தினார். சார் ஓரத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

சித்தி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். சார் அவளைப் பார்த்து, “என்னை மன்னிச்சிடுங்க…” என்று ஆரம்பித்தார்.

“எப்ப சேர்றீங்க?” என்றாள் சித்தி.

“ஜூன்ல.”

“டீ ஆறிடப் போகுது” என்று டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் அழுதேன்.

அந்த வருடக் கடைசி வகுப்பில் சார் வழக்கம்போல் வட்டம் போட்டார், கணக்கு நடத்தினார். மணி அடித்ததும் வாசல்வரை போனவர் நின்று என்னைப் பார்த்தார். “உன்னோட ரெண்டாவது கேள்விக்குப் பதில், ஆமாம்” என்றார். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஒரு மனிதர் வேறொரு மனிதராக மாறுவதற்கு நான் கதவைத் திறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையும் பயமும் வெகுகாலம் என்னோடு இருந்தன. வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அவருக்குக் குருப்பட்டம். திருவுடையைத் தட்டில் ஏந்திவந்து கொடுத்தது அவருடைய அம்மாதான். புதுக் குருவின் கைகளை முத்தி செய்யக் கோயில் முழுக்க வரிசை நின்றது. சித்தியும் நின்றாள், அவள் வாழ்க்கைப்பட்டிருந்த முடிச்சூரிலிருந்து கணவரோடும் மகனோடும் வந்து. முறை வந்ததும் குனிந்து அந்தக் கைகளை முத்தமிட்டாள். சாக்பீஸ் பிடித்த கைகள், அபிஷேக எண்ணெய் பூசி மின்னின.

ஃபாதரான பிறகும் அவர் வாத்தியாராகவே இருந்தார். பிரசங்கம் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. விமானம் போனால் பிரசங்கத்தின் நடுவே கை உயரும். மறைக்கல்விப் பிள்ளைகளிடம் பிறந்தநாள் கேள்வி தொடர்ந்தது. முடிச்சூர் மூழ்கிய வெள்ளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் தெருத்தெருவாக நடந்து, வீட்டு வாசல்களில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மேலே ஒதுங்கியிருந்தவர்கள் “இருக்கேன் ஃபாதர்” என்று குரல் கொடுத்தார்களாம். வருகைப்பதிவு எடுத்த மாதிரி இருந்தது என்று சித்தி சொல்லிச் சொல்லி வியப்பாள். அவள் வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டிருக்கிறார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்ததும், கல்லறை மதிலோரம் நானும் சித்தியும் நின்றுகொண்டிருந்தோம். இனியும் அடக்கி வைக்க முடியாது என்று தோன்றியது.

“சித்தி, அன்னிக்கு உன் கல்யாணத்தை நிறுத்தினது நான்தான். பங்கு ஃபாதர்கிட்ட போய்ச் சொன்னது நான்.”

“தெரியும்” என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கடமைன்னா என்னன்னு நான் எதுக்கு உன்கிட்ட கேட்டேன்னு நினைச்சே?”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“நான் வேணாம்னு சொன்னா பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு ஆயிடும், அவங்கம்மா வேற பொண்ணு பார்த்துடுவாங்க. அவரைக் கேட்டா, நிச்சயத்துல கொடுத்த வாக்குக்காக என்கிட்ட மட்டும் பொய் சொல்லிடுவாரோன்னு இருந்துச்சு. அந்த மனுஷனைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரல.” பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். “நீ போகாம மறந்துடுவேன்னும் ஆசையாத்தான் இருந்துச்சு.”

இருபது வருடங்களுக்கு மேலாக நான் திறந்துவிட்டதாக நினைத்த கதவு. அதைத் திறந்த கை யாருடையது என்று அந்த மதிலோரம்தான் தெரிந்தது. சாரைப் பார்த்து வாயைப் பிளந்த அந்த வயதில், எங்கள் வீட்டு அடுப்படியிலேயே அவருக்குச் சமமாக ஒருத்தி இருந்ததை நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் மொட்டை மாடியில் நான் அழுதது கல்யாணம் நின்றதற்காக அல்ல. ஜரிகைப் பாவாடை வீணாகிவிட்டதே என்றுதான். சார் போனதும் என்னைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தவள் சித்தி. பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். “அழாதடி, அதைக் கிறிஸ்மஸுக்குப் போட்டுக்கலாம்” என்று சொல்லி, நான் ஓய்கிறவரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஒருமுறைகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.