ஒரே கடைத் தேன்மிட்டாய்

"கணக்கெல்லாம் உனக்கு வராதும்மா. வெளியில குடுத்துப் போட்டுக்க" என்றார் என் பேராசிரியர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அது உறைத்தது. பல் மருத்துவ மேற்படிப்பு ஆய்வுக்காகக் குமராட்சிப் பக்கத்துக் கிராமங்களிலும் கடலூர் நகரத்துச் செம்மண்டலத்திலும் சில பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் நானே பார்த்தேன். கணக்கையும் நானே போட்டேன். கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் சொத்தைப்பல் அதிகம் என்று உறுதியாக வந்தது.

அதைச் சரிபார்க்கச் சிதம்பரத்தில் புள்ளியியல் துறைக்குப் போனபோது அங்கே ஆய்வு மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். இறுக்கிய பின்னல், காதில் செருகிய பென்சில். கணினியைத் தொடாமல், என் தாளில் ஒரே பள்ளிப் பிள்ளைகளை வட்டம் போட்டுச் சேர்த்துக்கொண்டே போனாள்.

"இவங்க எல்லாம் ஒரே ஸ்கூலா டாக்டர்?"

"ஆமா, நாப்பது பேரு."

"ஒரே தண்ணி, ஒரே கடை தேன்மிட்டாய். ஒருத்தன் வாயத் தொறந்தா மிச்சவன் பல்லும் பாதி தெரிஞ்சிடும். தனித்தனி ஆளுன்னு போட்டுட்டீங்களே!" சிரித்தாள். "ஸ்கூல் ஸ்கூலா சேத்துப் போடுங்க. உறுதி கொறையும், பரவால்லியா?"

ஒரு வாயைக்கூடப் பார்க்காதவளுக்கு என் பிள்ளைகளை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தாளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவள் சொன்னபடி போட்டதும், கிராமத்துக்கும் நகரத்துக்கும் இருந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. இன்றுவரை அவள் பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதுபோல் இருக்கும். பழைய கணக்கை வைத்து எழுதி, கடலூர்க் கருத்தரங்கில் வாசிக்க அனுப்பியிருந்த கட்டுரையை மட்டும் இன்று காலை திரும்பப் பெற்றுக்கொண்டேன்.