செல்வநாயகியும் பூண்டு வயலின் சாம்பலும்

காலையில் மன்னவனூரிலிருந்து செல்வநாயகியின் அண்ணன் மாரிமுத்து போனில் கூப்பிட்டார். "பத்மாம்மா, தங்கச்சி போயிருச்சும்மா. வெள்ளனே காப்பி போட எந்திரிச்சது, அடுப்படியிலயே சாஞ்சிருச்சு. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். மழை இரைச்சலுக்கிடையே இணைப்பு அறுந்துவிட்டது.

செல்வநாயகி நிலக்கரியை ஆராய்ந்தவர். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது குடும்பம் கப்பலேறித் திரும்பி வந்து, கொடைக்கானல் மலையில் கூலிவேலைக்கு அமர்ந்தது. அண்ணன் மண்வெட்டி பிடித்தார், தங்கை படித்தார். சமவெளியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவரும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம்.

நிலக்கரியில் கரி மட்டும் இருப்பதில்லை. களிமண் இருக்கும், மணல் இருக்கும், தங்கம்போல் மினுங்கும் இரும்புக் கந்தகம் இருக்கும். இவற்றோடு ஆர்செனிக், பாதரசம், போரான் எல்லாம் துளித்துளியாகக் கலந்திருக்கும். அந்தத் துளிகளைத் தேடுவதுதான் எங்கள் வேலை. நான் அளவைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர் நிறுத்த மாட்டார். "எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாது பத்மா. எதுல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பாருங்க. எரிச்ச பெறகு அது எங்க போகும்னு அப்பத்தான் தெரியும்" என்பார்.

ஒருமுறை மேலதிகாரி ஒருவர் பொறுமையிழந்து, "இது நல்ல நிலக்கரியா, கெட்ட நிலக்கரியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். "இதோட சாம்பல எங்க கொட்டப் போறீங்கன்னு சொல்லுங்க சார், அப்புறம் சொல்றேன்" என்றார் செல்வநாயகி. அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவர் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் அண்ணன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். மாரிமுத்து அண்ணன் குத்தகை நிலத்தில் பூண்டு போட்டிருந்தார். செங்கல் அறுப்பதற்காக யாரோ லாரியில் ஏற்றி வந்த நிலக்கரிச் சாம்பல் சாலையோரம் மிஞ்சிக் கிடந்திருக்கிறது. அடுப்புச் சாம்பல்போலத்தான் இதுவும் என்று நினைத்து, அவரும் அக்கம்பக்கத்தாரும் அள்ளி வந்து வயலில் தூவிவிட்டார்கள். தங்கை மலையேறுவதற்கு முன்பே நடந்துவிட்டது இது.

பூண்டுத் தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளித்துக் கருகத் தொடங்கின. பார்த்ததுமே செல்வநாயகிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சாம்பலையும் மண்ணையும், இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருந்த எனக்கு அனுப்பினார். நான் சோதித்த முடிவோடு நேரிலேயே போனேன். பயிரைக் கருக்கும் போரான் மிக அதிகம். ஆர்செனிக்கும் இருந்தது. முடிவை வாங்கிப் பார்த்த செல்வநாயகி வயல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு போரான் இருந்தா, இந்தக் கரி உண்டான சதுப்புல ஒரு காலத்துல கடல்தண்ணி ஏறியிருக்கணும் பத்மா. எந்தக் காலத்துக் கடலோ, எங்க அண்ணன் பூண்ட வந்து எரிக்குது."

மாரிமுத்து அண்ணன் அருகில் வந்து குந்தினார். "ஏம்மா, நீ படிச்ச படிப்புல இதுக்கு ஒரு மருந்து இல்லையா?"

"இல்லண்ணே."

"அப்ப எப்பத்தான் சரியாகும்?"

"மழைதான் கழுவணும்."

"பெய்யட்டுமே!"

"கழுவுனா அம்புட்டும் ஓடையில எறங்கும்ணே. கீழ ஆளுக அந்தத் தண்ணியத்தான குடிக்குறாங்க? பெய்யணும்னும் இருக்கு, பெய்யக் கூடாதுன்னும் இருக்கு. நான் என்னத்தச் சொல்ல?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே வயல் வயலாகச் செல்வநாயகியோடு நடந்தேன். இனிமேல் தூவ வேண்டாம், ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டார். சிலர் கேட்டார்கள். பலர் ஏற்கெனவே தூவி முடித்திருந்தார்கள். ஒரு விவசாயி மட்டும் முகத்துக்கு நேரே, "நீங்களும் அந்தக் கரியிலதானம்மா சம்பளம் வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டார். "ஆமாங்க" என்றார் செல்வநாயகி. அந்த விவசாயியின் கருகிய பாத்தியைக் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த வயலுக்கு நடந்தார். பிறகு சாம்பலை அகற்றச் சொல்லி அரசு அலுவலகங்களிலெல்லாம் ஏறி இறங்கினார். "பாக்குறோம்" என்ற பதில்தான் கிடைத்தது. மீதிச் சாம்பல் அப்படியே கிடந்தது.

அதன்பின் எப்போது பேசினாலும் முதலில், "அங்க மழையா?" என்றுதான் கேட்பார். இங்கே இல்லை என்றால், "இங்கயும் இல்ல" என்பார். அதில் நிம்மதி இருந்ததா, ஏக்கம் இருந்ததா என்று என்னால் கண்டுகொள்ளவே முடிந்ததில்லை. இந்த வாரம் கேட்காமலே மழை கொட்டியது.

சேதி கேட்டதும் கிளம்பினேன். வத்தலக்குண்டைத் தாண்டிப் பேருந்து போகவில்லை. "மேல மண்ணு சரிஞ்சு கெடக்கும்மா. எப்ப வழி விடுவாங்கன்னு தெரியல" என்றார் நடத்துநர். அண்ணனைக் கூப்பிட்டேன். "இந்த மழையில வச்சிருக்க முடியாதும்மா, எடுக்கப் போறோம். போன்லயாவது காட்டுறேன், பாத்துக்கங்க" என்றார்.

பேருந்து நிலையத்துக் கூரையடியில் நின்றபடி பார்த்தேன். நனைந்த குடைகள் தெரிந்தன. பச்சைப் பாடையின் ஒரு முனை தெரிந்தது. அதோடு படம் உறைந்து நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி மொகம் தெரியுதாம்மா?"

திரையில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன.

"தெரியுதுண்ணே. நல்லாத் தெரியுது" என்றேன்.

போய் வாருங்கள், செல்வநாயகி.